லில்லியின் கல்யாண ஓலை

பாளையங்கோட்டை,
1911 மே 3, புதன்.

என் லில்லியின் வாப்பா அவர்களுக்கு, சாரம்மாள் பணிவாய் எழுதிக்கொண்டது. நானும் பிள்ளையும் உயிரோடிருக்கிறோம். கொழும்பில் நீங்கள் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நாலு வருஷமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அதைக் கேட்க இதை எழுதவில்லை.

லில்லிக்குப் பதினேழு நடக்கிறது. பள்ளிக்கூட வாத்தியார் வேதமுத்து அவளைப் பெண் கேட்டார். இந்தத் தெருவில் அவள் துலுக்கன் மகள். பத்தமடையில் உங்கள் ஜனத்துக்குக் கிறிஸ்து வேதக்காரி மகள். இவர் ஒருவர்தான் அவளை லில்லி என்றார்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் மாறி வந்த பாதிரி ஐயர் அதை எழுதும்போது, பெண்ணின் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார். புருஷன் பெயரை வாயால் சொல்லுவேனா? பக்கத்தில் நின்ற அருமைநாயகம் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் தன் பெயரையே சொல்லிவிட்டார். சொல்லக் கூசினேன் என்று ஐயர் நினைத்திருப்பார். துலுக்கப் பெயரைக் கேட்டால் புது ஐயர் கல்யாணத்தை நிறுத்திவிடுவார் என்று பயந்துதான் பேசாமலிருந்தேன். தப்பு என்னுடையது.

போன ஞாயிறு ஐயர் ஓலையை வாசித்து, தடை உண்டானால் சொல்லலாம் என்றார். சபைக்கெல்லாம் உண்மை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நம் பிள்ளை எழுந்து நின்றாள்.

“ஐயா, நீங்க வாசிச்சது எங்க மாமா பேரு. எங்க வாப்பா பேரு அசன் மைதீன். கொழும்புல உசிரோட இருக்காவ.”

ஐயர் ஓலையை மடித்துவிட்டார். வயது நிரம்பாத பெண்ணுக்குத் தகப்பன் உயிரோடிருந்தால் அவர் கைப்படச் சம்மதம் வேண்டுமாம். இல்லாவிட்டால் வாசிக்க முடியாதாம். மாப்பிள்ளை வீட்டார் பதினான்காம் தேதி வரை பொறுப்பார்கள். அதற்குமேல் நாசரேத்தில் வேறு பெண் பார்க்கப் போகிறார்களாம். பதினொரு வருஷம் சோறு போட்டவன் பெயர் அவளுக்குக் கேவலமாகிவிட்டதா என்று அண்ணன் என்னிடம் கேட்டார். அன்று முதல் அவளிடம் பேசுவதில்லை.

நேற்று ஆற்றுக்குத் துவைக்கப் போனவள் வெகுநேரம் வரவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். துணிமூட்டை கரையில் அவிழாமல் கிடந்தது. இவள் இடுப்பளவுத் தண்ணீரில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கண்ணுக்குள் வைத்துக் காவல் இருக்கிறேன்.

உங்கள் விலாசத்துக்காகத் திங்கட்கிழமை பத்தமடைக்கு நடந்தேன். உங்கள் அக்கா ஜனாபா அதை எழுதித் தந்தாள். தம்பியைப்பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்காதே என்று அழுதாள். அங்கே உங்களுக்கு வேறு குடும்பம் ஆகியிருக்கும் என்று எண்ணி நான் கேட்கவில்லை.

தூத்துக்குடிக் கப்பலில் இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் கிடைத்துவிடும். அன்றே பதில் போட்டால் நாள் தப்பாது. என்னைப்பற்றி ஒரு சொல்லும் அதில் வேண்டாம். நீங்கள் வரவும் வேண்டாம். லில்லி என் மகள், இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். வாப்பா கட்டாயம் எழுதுவார்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

உங்களையும், அந்த வீட்டுப் பிள்ளைகளையும் ஆண்டவர் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

சாரம்மாள்