இரண்டு பேருக்கு ஒரு கம்பளி

அக்டோபர் 9, வியாழன்

மேனேஜர் கடைசியில் தலையாட்டிவிட்டார். ஓரம் பிரிந்தது, சாயம் போனது என்று எங்கள் ஓட்டல் கிடங்கில் கழித்துப் போட்டிருந்த கம்பளிகளை எல்லாம் நான் எடுத்துக்கொள்ளலாமாம். "எதுக்கும்மா இவ்வளவு, ஆட்டு மந்தைக்குப் போர்த்தவா?" என்று கேட்டார். தம்பியின் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்கு என்றேன். மந்தை என்றது ரொம்பத் தப்பில்லை என்று நினைத்திருப்பார், சிரித்துக்கொண்டே போனார்.

நாடகம் பூங்காவின் புல்சரிவில், திறந்தவெளியில். பத்து வருடத்துக்கு முன்பு தம்பி ஒரு சின்ன அரங்கில் போட்ட அதே பாட்டு நாடகத்தைத்தான் இப்போது பெரிதாக்கி மறுபடி போடுகிறான். மழைக்கு பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கும் ஆறேழு பேரின் கதை. வீட்டில் நாங்கள் மழை நாடகம் என்போம். நிஜ மழை வந்துவிடக் கூடாதே என்று தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டே, பொய் மழைக்குத் தண்ணீர் லாரி சொல்லி வைத்திருக்கிறான். இதைச் சிரிக்காமல் எப்படி எழுதுவது?

இருட்டினால் அங்கே குளிர் எலும்பில் ஏறுகிறது. இடைவேளையில் கம்பளி கொடுத்தால் எழுந்து போகாமல் உட்காருவார்கள் என்பது என் யோசனை. என் யோசனை என்று எழுதியே வைக்கிறேன். பின்னால் நன்றாக நடந்துவிட்டால் எல்லாருக்கும் மறந்துவிடும்.

அக்டோபர் 12, ஞாயிறு

பாட்டுக்காரி வந்து கம்பளிகளுக்கு ஓரம் அடித்துக் கொடுத்தாள். தம்பி மனைவிதான். கல்யாணமான நாளில் நான் வைத்த பெயர் அது. அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை. தொண்டையில் ஆபரேஷன் ஆகி, பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லி, சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்த நாட்களில் மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு இதுதான் முதல் மேடை. இரண்டாம் பாதியில் தனியாக ஒரு பாட்டு அவளுக்கு. மழை விட்டு எல்லாரும் போய்விடுவார்கள். வேண்டுமென்றே பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்தி மட்டும் நிற்பாள். "கடைசி பஸ் போய்விட்டது, இனி எனக்கு அவசரமில்லை" என்று தொடங்கும். பத்து வருடத்துக்கு முன்பு இவள்தான் பாடினாள். இப்போது தம்பி அவளுக்காகச் சுருதியை இறக்கியிருக்கிறான்.

தையல் மெஷினில் உட்கார்ந்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் கவனிக்கிறேன் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டாள். "பழைய மாதிரி இல்லேல்லக்கா?" என்றாள். பழைய மாதிரி இல்லைதான். இல்லை என்றே சொன்னேன். அதைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தோன்றி, வாய் திறப்பதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

எண்ணிப் பார்த்தால் ஆளுக்கு ஒன்று தேறாது. இரண்டு பேருக்கு ஒன்று. ஒட்டி உட்காரட்டும், என்ன குடி முழுகிவிடும்?

அக்டோபர் 17, வெள்ளி

முதல் முன்னோட்டம். முறையாகத் தொடங்குவதற்கு முன்பு அழைத்தவர்களுக்கு மட்டும் இலவசமாகக் காட்டி, அவர்கள் முகத்தைப் பார்த்து வெட்ட வேண்டியதை வெட்டுவது தம்பியின் வழக்கம். ஆனால் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் கிடையாது. போன நாடகத்தில் ஜனங்கள் பாதியில் எழுந்து போனதைக் கண்ணால் பார்த்தவன். அதிலிருந்து நாடகம் நடக்கும்போது ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான். இரண்டு நாளாகச் சாப்பாடும் இறங்கவில்லை.

"நீ கூட்டத்தோட உட்காருக்கா. எங்க சிரிக்கிறாங்க, எங்க நெளியறாங்க, எல்லாம் பார்த்துச் சொல்லு. பூசி மெழுகாதே" என்றான்.

பூசி மெழுகுவதா? நானா? குடும்பத்தில் எனக்கு இருக்கும் கெட்ட பெயரே அதற்கு நேர்மாறானது.

முதல் பாதி அமர்க்களம். குடை விற்பவராக வரும் தொப்பைக்காரர் பாடினபோது கைத்தட்டல் அடங்கவே இல்லை. பின்வரிசையில் ஒருவர் விசில்கூட அடித்தார். இடைவேளையில் கம்பளி கொடுத்தோம். என் காதுபடவே "யார் யோசனையோ, மகராசி" என்று ஒரு அம்மா சொன்னார். நான்தான் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிறகு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இரண்டாம் பாதியில் கைத்தட்டலே இல்லை. ஒரு பாட்டு முடிகிறது, அமைதி. அடுத்தது முடிகிறது, அதுவும் அமைதி. எல்லாரும் கழுத்துவரை போர்த்திக்கொண்டு அடுக்கி வைத்த தலையணை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு ஒரே கம்பளியில் இருந்த இவர் மூக்குவரை இழுத்துக்கொண்டு தூங்கியே போனார். கட்டின புருஷனே இப்படி என்றால் மற்றவர்களை என்ன சொல்வது.

பாட்டுக்காரியின் பாட்டும் வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் நான் வீட்டு ஆள், என் கண்ணீர் கணக்கில் வராது. பாட்டு முடிந்தது. விளக்கு மங்கும்வரை அவள் அப்படியே நின்றாள். ஒரு கைகூடத் தட்டவில்லை.

கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள்தான். ஒருவழியாக முடிந்ததே என்ற சந்தோஷம் என்றான் தம்பி.

என்ன பார்த்தாய் என்று கேட்டான். பார்த்ததைச் சொன்னேன்.

அக்டோபர் 18, சனி

வெட்டிவிட்டான். முழுப் பாட்டையும்.

நான் சொன்னதை வைத்துத்தான். "அந்த இடத்துல நாடகம் செத்துப் போகுதுன்னு நீயே சொன்னியேக்கா" என்கிறான். செத்துப் போகுதுன்னா சொன்னேன்? யாரும் தட்டலைன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணா? ஒண்ணுதானோ? அந்த இடத்தில் தொப்பைக்காரரின் குடைப் பாட்டையே இன்னொரு தடவை வைக்கப் போகிறானாம்.

பாட்டுக்காரி சண்டை போடவில்லை. அடுப்படியில் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "தொண்டை போச்சுன்னு நேராவே சொல்லிடலாமே, எனக்கு ஒண்ணும் இல்லை" என்றாள். துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள். தம்பி வாசல்வரை போய், திரும்பி வந்து, ஏதோ சொல்ல வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு வயிற்றெரிச்சலா? சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரே ஒரு நாள் எல்லாரையும் போல நானும் பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அக்டோபர் 19, ஞாயிறு

பாட்டுக்காரியிடமிருந்து போன் வரவில்லை. ஞாயிறு தவறாமல் வரும்.

அக்டோபர் 21, செவ்வாய்

இரண்டாவது முன்னோட்டம். அவள் பாட்டு இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவள் பேசாமல் ஓரமாக நிற்கிறாள், தொப்பைக்காரர் குடையைச் சுழற்றிக்கொண்டு வந்து பாடுகிறார். முதல் பாதியில் அதே பாட்டுக்குக் கூட்டம் புரண்டு சிரித்துத் தட்டியது. இப்போது சிரித்தது, தட்டவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்தவர், "நான் என்ன அதுக்குள்ள செத்தா போயிட்டேன்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு மண்டை குழம்பிவிட்டது. தொப்பைக்காரருக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லையே.

முடிந்ததும் வாசலில் நின்று கம்பளிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தேன். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பல் டாக்டர் மனைவியோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"அந்தம்மா பாட்டு எங்கே போச்சு? அதைக் கேட்கணும்னுதான் இவளைக் கூட்டிட்டு வந்தேன்" என்றார்.

வெள்ளிக்கிழமையும் வந்திருந்தாராம். அன்றைக்கு யாருமே தட்டவில்லையே, நீங்களும் தட்டியிருக்க மாட்டீர்களே என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவர் கையில் இருந்த கம்பளியைத் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டு பேருக்கு ஒண்ணு குடுத்திருக்கீங்க. கையை வெளிய எடுத்தா பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் காத்து பூந்துடும். அன்னிக்கு நான் மாமியாரோட வந்திருந்தேன். மாமியாரும் மருமகனும் ஒரே கம்பளியில. நான் மூச்சு விட்டதே பெரிய விஷயம், இதுல கை வேற தட்டுவேனா?"

"அம்மா வீட்டுக்கு வந்தும் அந்தப் பாட்டையேதான் பாடிக்கிட்டிருந்தாங்க" என்றார் அவர் மனைவி.

எத்தனை கம்பளி திரும்ப வந்தது என்று எண்ணவே மறந்துவிட்டேன்.

என் கம்பளி! என் யோசனை என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன், மேலே, கொட்டை எழுத்தில்.

அக்டோபர் 22, புதன்

காலையில் காபி குடித்துக்கொண்டிருந்த இவரிடம் கேட்டேன், வெள்ளிக்கிழமை அவள் பாட்டுக்குக் கை தட்டினீர்களா என்று.

"இல்லையே."

"தூங்கினா எப்படித் தட்டுவீங்க?"

"யார் தூங்கினா?" என்றவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அழுதுக்கிட்டிருந்தேன். நீ பார்த்தா வருஷக்கணக்கா சொல்லிக் காட்டுவேன்னு மூக்கு வரைக்கும் இழுத்துக்கிட்டேன்."

சொல்லிக் காட்டியிருப்பேன்தான்.

அப்போதுதான் உறைத்தது. நானும் தட்டவில்லை. கண்ணீர் விட்டேன் என்று எழுதியிருக்கிறேனே, அப்போது என் கை எங்கே இருந்தது? இவர் பக்கம் கம்பளி விலகாமல் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ஊரார் கையை வேவு பார்த்தவளுக்குத் தன் கை தெரியவில்லை!

வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். பல் டாக்டர், மாமியார், இவர் மூக்கு, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பாட்டுக்காரி உள்ளே இருந்தாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். பிறகு, "எங்களுக்காகப் பொய் சொல்றியாக்கா?" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாழ்நாளெல்லாம் உண்மை பேசிக் கெட்ட பெயர் வாங்கினவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? கம்பளியே வேண்டாம், இல்லாமல் ஒருநாள் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றான். பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருப்பவனுக்குப் பாட்டு எங்கே கேட்கும்? முடியாது என்றேன். கம்பளி இருக்கும், பாட்டும் இருக்கும், நீ ஜெனரேட்டரை விட்டு வந்து என்னோடு புல்லில் உட்கார், அப்புறம் வெட்டுவதானால் என்னையும் சேர்த்து வெட்டு என்றேன்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. "ஒரு நாள்தானே, பாடிடறேன்" என்று மட்டும் குரல் வந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

மூன்றாவது முன்னோட்டம். இடைவேளையில் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தேன். இவர் பாவம், இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு, முன்பின் தெரியாத யாரோ ஒருவரோடு கம்பளியைப் பங்கு போட்டுக்கொண்டார். தம்பி உடம்பு விறைத்துப்போய் இருந்தது. சின்ன வயதில் ஊசி போடப் போகும்போது இப்படித்தான் என் பக்கத்தில் உட்காருவான்.

மேடையைப் பார்க்காமல் ஜனங்களையே பார்த்தான். பக்கத்து வரிசையில் ஒரு பெண் தன் கையை எடுக்கப் போய், அவள் தோழி கம்பளியை இழுத்துவிட, கையை உள்ளேயே வைத்துக்கொண்டதைக் காட்டினேன். பார்த்தான்.

பஸ் போகும் சத்தம் வந்தது. பாட்டுக்காரி தனியாக நின்றாள். முதல் வரியைத் தாழ்ந்த குரலில் எடுத்தாள், நெடுநாள் தூக்கிச் சுமந்த பையைக் கீழே வைக்கிறவள் மாதிரி. பத்து வருடத்துக்கு முன்பு அந்த வரியில் ஒரு பெண் வருத்தப்பட்டாள். இப்போது நிம்மதியாக இருந்தாள். அந்தக் குரல் மாற்றத்தைத்தான் அன்றைக்குத் தையல் மெஷின் ஓடும்போது சொல்ல நினைத்திருக்கிறேன் என்று இன்றைக்குப் புரிந்தது.

தம்பி மேடையைப் பார்க்க ஆரம்பித்திருந்தான். பாட்டு முடிந்தது. புல்சரிவு முழுவதும் ஒரு சத்தமில்லை. நான் அவன் பக்கம் திரும்பினேன். கம்பளியைத் தாடைக்கு அடியில் இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நீ தட்டலையா?" என்றேன்.

"குளிருதுக்கா" என்றான்.

குளிர் அவ்வளவு இல்லை. காற்றுகூட நின்றிருந்தது. கம்பளி ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். ஓட்டல் சொத்தாக இருந்திருந்தால் திட்டியிருப்பேன்.

முடிந்ததும் ஒப்பனை அறைக்குப் போனேன். பாட்டுக்காரி முகச்சாயத்தை அழித்துக்கொண்டிருந்தாள். தம்பி இன்னும் வந்திருக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டாள்.

"அவர் கை தட்டினாராக்கா?"

நான் பொய் சொல்வதில்லை.

"இல்ல," என்றேன். "ஒரு தட்டுகூடத் தட்டல."

அவள் பஞ்சைக் கீழே போட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. "பாட்டுக்காரி" என்று கூப்பிட்டேன், சும்மா.

நவம்பர் 1, சனி

இன்று முறையான தொடக்கம். உட்கார இடமில்லாமல் வேலி ஓரமெல்லாம் ஆட்கள். பல் டாக்டர் மாமியாரோடு வந்திருந்தார், கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தனிக் கம்பளி. பாட்டுக்காரியின் பாட்டுக்கு யாரும் கை தட்டவில்லை. முடிந்ததும் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.