முட்டைக்கோது இடித்த வருடம்

12.03.1963

காலை 98.8. பின்னேரம் 99.8.

மருந்துச்சாலை அப்போதிக்கரி இந்தக் கொப்பியைத் தந்தது காய்ச்சல் எழுத மட்டுந்தான். ஒரு நாளுக்கு இரண்டு இலக்கம். மிச்ச இடம் வெறுமையாகக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் இப்படி இடம் விட்டால் ஏசுவேன்.

இன்றும் செம்பிக் கோழி கோது பிடிக்காத தோல்முட்டை போட்டிருக்கிறது. குசினிக்குக் கொண்டு வருமுன்னே கைக்குள் உடைந்து வழிந்தது. நாலு பேடுகளில் இரண்டு இப்படித்தான். எனக்கு நாளுக்கு இரண்டு முட்டை வேண்டும். சயரோக ஆசுபத்திரியிலிருந்து தை மாதம் விடும்போது துண்டில் எழுதித் தந்தது: ஊசி, குளிசை, பால், முட்டை இரண்டு.

முப்பத்திரண்டு வயது வரை மச்சம் மாமிசம் நாக்கில் படாதவள் நான். இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்குகிறேன். இவர் கோதுகளைக் கடதாசியில் சுற்றி, கிணற்றடிக்குப் பின்னால் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுகிறார். இந்த வன்னிக் கொலனியில் பாதிப் பேர் எங்கள் ஊரிலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். கனகலிங்கம் வீட்டில் முட்டை தின்கிறார்கள் என்று இவர் பெயரில் யாழ்ப்பாணத்துக்குக் கதை போய்விடுமாம். சயரோகம் என்ற கதை போனது பரவாயில்லையா?

17.03.1963

98.6. 99.6.

ஜமால்தீன் நானா வந்தார். தண்ணீரூற்று ஊரிலிருந்து சைக்கிளில் கோழி, முட்டை வாங்கித் திரிபவர். இந்த நாலு பேடுகளையும் கொண்டுவந்து தந்தவரும் அவர்தான். மற்றவர்கள் படலையோடு நிற்பார்கள். அவர் முற்றம் வரை வருவார்.

தோல்முட்டையைக் காட்டினேன்.

"தங்கச்சி, கோதை என்ன செய்யிறீங்கள்?"

"கிடங்கு வெட்டித் தாக்கிறம்."

"ஏன் தாக்கிறீங்கள்? அதைக் கோழிக்கே குடுங்கோவன். அதின்ரை உடம்பிலை இருந்த சுண்ணாம்புதானே முட்டையோடை வெளியிலை போகுது. திரும்பக் குடுக்காட்டி அது எங்கை போறது? வெயிலிலை காயவச்சு, சட்டியிலை சூடு காட்டி, இடிச்சுத் தவிட்டோடை கலந்து போடுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும். வந்தது. அவர் தலையைத் திருப்பிக்கொண்டு வேலியைப் பார்த்தபடி நின்றார். போகவில்லை.

19.03.1963

முதல்முறை கோது இடித்தேன். உரலைத் தூக்கிப் போட்டு உலக்கை பிடிக்க எனக்கு அனுமதியில்லை. அம்மியில் வைத்து மெதுவாக. இரண்டு மாதத்தில் நான் செய்த முதல் வேலை.

27.03.1963

99.0. 100.

பெரிய பிழை செய்துவிட்டேன். கைக்குச் சோர்வாக இருக்கிறது என்று பெரிய துண்டுகளாகவே போட்டேன். வெள்ளைப் பேடு அது என்ன என்று கண்டுபிடித்துவிட்டது. இன்று தானிட்ட முட்டையைத் தானே கொத்திக் குடித்துக்கொண்டு நின்றது. சொண்டெல்லாம் மஞ்சள்.

நானா சொன்னார்: "மா மாதிரி இடிக்கவேணும் தங்கச்சி. முட்டை எண்டு அதுக்குத் தெரியப்படாது. முட்டையிட்ட உடனை எடுத்துப் போடுங்கோ. கூட்டை இருட்டாக்குங்கோ. மறந்துபோம்."

எனக்கு ஒன்றையாவது ஒழுங்காகச் செய்யத் தெரிகிறதா?

14.04.1963

வருடப்பிறப்பு. பிள்ளை இல்லாத வருடப்பிறப்பு இது இரண்டாவது.

அருந்ததி இவருடைய அக்கா விமலேஸ்வரி மச்சாளோடு யாழ்ப்பாணத்தில். எனக்கு நோய் என்று தெரிந்த கிழமையே கொண்டுபோய் விட்டது. அப்போது மூன்றரை வயது. மச்சாளுக்குப் பிள்ளைகள் இல்லை. நல்லாய்த்தான் பார்க்கிறாவாம்.

10.05.1963

98.4. 98.6.

மூன்று இறாத்தல் கூடியிருக்கிறேன். ஒரு கிழமையாகக் காய்ச்சல் இல்லை. அப்போதிக்கரி ஊசி போட்டுவிட்டுச் சொன்னார்: "புரட்டாதியிலை வவுனியாவிலை எக்ஸ்றே எடுப்பம். படம் சுத்தமெண்டால் பிள்ளையைக் கூப்பிடலாம்."

விஜயதசமிக்கு அவளுக்கு ஏடு தொடக்கவேண்டும். எத்தனை பிள்ளைகளுக்குக் கை பிடித்து 'அ' எழுதுவித்தவள் நான். என் பிள்ளைக்கு நான்தான் பிடிக்கவேண்டும்.

கோது நல்ல தடிப்பு இப்போது. சட்டி விளிம்பில் இரண்டு தரம் தட்டினால்தான் உடைகிறது. வெள்ளையும் கெட்ட பழக்கத்தை விட்டுவிட்டது. மாவாக இடித்து, பழைய பால்மா ரின்னில் நிரப்பி வைத்திருக்கிறேன். இவரும் கிடங்கு வெட்டுவதை நிறுத்திவிட்டார். தாட்டுவிட ஒன்றும் இல்லையே.

நம்பக்கூடாது என்று நினைக்கிறேன். எழுதிவிட்டேனே.

03.06.1963

இவர் யாழ்ப்பாணம் போய் வந்தார். பன்னிரண்டு முட்டை கொடுத்து விட்டிருந்தேன், உமிக்குள் வைத்து. ஒவ்வொன்றையும் சவுக்காரம் போட்டுக் கழுவித் துடைத்தது நான்தான். கையையும் முதலில் கழுவினேன்.

"பிள்ளை சாப்பிட்டவளோ?"

"ஓம். விருப்பமாத் திண்டவள்."

ஒன்றாவது உடைந்ததா என்று கேட்டேன். இல்லையாம்.

21.07.1963

99.4. 100.2.

மழை இல்லை. வாய்க்காலில் தண்ணீர் விடவில்லை. சிறுபோக நெல் கருகுகிறது. இவர் காலையில் போய் வரம்பில் நின்று பார்த்துவிட்டு வருகிறார். பார்த்து என்ன செய்ய?

காய்ச்சல் களைப்பால் வந்ததாக இருக்கும்.

11.08.1963

100. பின்னேரம் பார்க்கவில்லை.

மச்சாள் அருந்ததியைக் கூட்டிக்கொண்டு வந்தா. காலை பஸ்ஸில் வந்து பின்னேர பஸ்ஸில் போனார்கள். முற்றத்துப் பாலை மரத்தின் கீழ் பாய் போட்டு நான் ஒரு பக்கம், அவர்கள் மற்றப் பக்கம். கிட்டப் போகவேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன். சொன்னவள் நான்தான். ஆனாலும் அவள் ஓடி வரப் பார்ப்பாள், நான் தடுக்கவேண்டி வரும் என்று நினைத்திருந்தேன். அவள் அசையவில்லை.

உயர்ந்திருக்கிறாள். முன்பல் ஒன்று ஆடுகிறதாம். நீலச் சட்டை, மச்சாள் தைத்தது.

கோழிகளைக் கண்டதும் முகம் மாறியது. கோதுமா கலந்த தவிட்டைச் சிரட்டையில் போட்டுத் தூர வைத்தேன். எடுத்துப் போட்டாள். கோழிகள் காலைச் சுற்றிக்கொண்டு கொத்த, கையைத் தட்டிச் சிரித்தாள்.

"வன்னியம்மா, இது என்ன வெள்ளைத் தூள்?"

வன்னியம்மா.

"முட்டைக்கோது, ராசாத்தி. திண்டால் முட்டை நல்லாய் வரும். அப்பா கொண்டுவந்த முட்டை சாப்பிட்டனீர் எல்லோ?"

"இல்லை. அதை அம்மா வளவுக்குள்ளை கிடங்கு கிண்டிப் புதைச்சவா. நான்தான் மண் போட்டனான்."

அம்மா என்று அவள் திரும்பிப் பார்த்தது மச்சாளை.

இவர் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். மச்சாள் சீலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு இருந்தா. பிறகு சொன்னா: "என்னைக் கோவியாதை பத்மா. மச்சம் எண்டதுக்காக மட்டும் இல்லை. எனக்குப் பயம். இவளுக்கு ஒண்டு எண்டால் நான் உயிரோடை இருக்கமாட்டன்." அழுதா. உண்மையான அழுகை. அவ இடத்தில் நான் என்றால் நானும் புதைத்திருப்பேன்.

சமைத்துக் கொடுக்கவில்லை. அவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தண்ணீரும்.

12.08.1963

பன்னிரண்டு முட்டை. பன்னிரண்டையும் கழுவினனான். சவுக்காரம் போட்டுக் கழுவினனான். அந்தக் கிழமை நான் நாளுக்கு ஒண்டுதான் திண்டனான், இவளுக்கு எண்டு மிச்சம் பிடிச்சு. ஏன் எனக்குப் பொய் சொன்னவர்? விருப்பமாத் திண்டவள் எண்டு என்ரை முகத்தைப் பார்த்துச் சொன்னவரே. இரண்டு மாதமா நான் அதை நினைச்சு நினைச்சுச் சந்தோசப்பட்டனே.

13.08.1963

கேட்டேன். "அந்தச் சந்தோசத்துக்காகத்தான்" என்றார்.

30.08.1963

101. இரத்தம். கோப்பையில் பாதி இருக்கும்.

02.09.1963

பேடுகள் ஒழுங்காக முட்டையிடுகின்றன. நாலும். அலுமாரிக்குள் பதினேழு முட்டை இருக்கிறது. எனக்கு வாய்க்குள் வைக்க முடியவில்லை. நானாவிடம், கொண்டுபோய் வில்லுங்கோ என்றேன். அவர் சைக்கிள் கைப்பிடியைத் துடைத்தபடி நின்றார்.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி. நான் திண்டுபோடுவன், எனக்குப் பயமில்லை. புதுக்குடியிருப்புச் சந்தையிலை எந்த வீட்டு முட்டை எண்டு கேக்கினம்."

சந்தையிலும் என்னிடமும் அவர் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு உண்மையைச் சொன்னார். இப்போது எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

கோது இல்லை. கோழிகள் வந்து குசினி வாசலில் நிற்கின்றன.

12.09.1963

வவுனியாவில் எக்ஸ்றே. டாக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலப்பக்கம் மட்டும் என்றிருந்தது இப்போது இடப்பக்கமும். குளிசை இனிக் கேட்காது, திரும்ப ஆசுபத்திரியில் படுக்கவேண்டும், கட்டில் வெறுமையானதும் கடிதம் வரும் என்றார். எவ்வளவு காலம் என்று இவர் கேட்டார். டாக்டர் என் வயதைக் கேட்டார்.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஆட்கள் பார்க்கப் பார்க்க. கலியாணம் கட்டிப் பத்து வருடத்தில் ஒருநாளும் செய்யாதது.

28.09.1963

நேற்று விஜயதசமி. ஏடு தொடக்கியாயிற்று. மச்சாள் வீட்டில், ஐயர் வந்து. இவரைப் போகச் சொல்லி அனுப்பியது நான்தான். அரிசியில் எழுதும்போது அழவில்லையாம், கையை இழுக்கவில்லையாம்.

இவர் சொல்வதை இப்போது எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை. இதை நம்புகிறேன்.

15.10.1963

கடிதம் வந்துவிட்டது. பதினெட்டாம் தேதி வரச் சொல்லி.

ஜமால்தீன் நானா நாலு பேடுகளையும் கொண்டுபோனார். கால்களைக் கட்டி, கூடைக்குள் தவிடு பரப்பி வைத்தார்.

"இறைச்சிக்குக் குடுக்கப்போறீங்களோ?"

"இல்லைத் தங்கச்சி. ஸுஹறா வளர்க்கட்டும்." ஸுஹறா அவருடைய மனைவி.

"கோதைத் தாக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. மாவா இடிச்சு..."

சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொல்கிறேன் என்று உணர்ந்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஓம், சொல்லிவிடுறன்" என்றார். படலையில் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். கூடையின் கயிற்றை இறுக்கிவிட்டு ஏறிப் போனார்.

முற்றம் முழுக்கக் கால் கிளறிய அடையாளம். நான் கூட்டவில்லை.

20.10.1963

101.4. இங்கே ஆசுபத்திரியில் தாதிமாரே எழுதுகிறார்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

04.11.1963

நேற்று ஞாயிற்றுக்கிழமை இவர் வந்தார். கதிரையைத் தூர இழுத்துப் போட்டு இருந்தார். பெரும்போகத்துக்கு விதைத்தாயிற்றாம். மழை பிந்தினாலும் பெய்ததாம். வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம். மணியடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சொன்னார்:

"தையிலை பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை சேர்க்கவேணுமாம். அக்கா தானே சேர்க்கிறன் எண்டவா. இனித் தங்களோடையே இருக்கட்டும் எண்டும் கேட்டவா. நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன், பத்மா."

நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். ஏசினால்கூட அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன்.

பெயரைச் சொன்னார்.

"நல்ல பள்ளிக்கூடம்" என்றேன்.