படம் முடிய முதல் எழும்பக் கூடாது

மச்சாள்,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். போன கிழமை கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, தர்மபுரத்தில் இறங்க வேண்டிய நான், இறங்காமல் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதுகொண்டே வட்டுவாகல் பாலம் வரைக்கும் போய்விட்டேன். ஐம்பது தாண்டி, தலையில் மயிர் குறைந்து வயிற்றில் சதை கூடிய மனிதன். மடியில் உன் தங்கச்சி வதனியின் கால் நோவுக்கு எடுத்த மருந்துப் பை வேறு. பக்கத்துச் சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா, நான் செத்த வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்துத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினா.

"ஆர் தம்பி, நெருங்கின சொந்தமோ?"

நான் முன்னுக்குத் தொங்கிய ரீவியைக் கையால் காட்டினேன். அவா போத்தலைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டா.

ரீவியில் ஓடியது ஒரு காதல் படம். எங்கோ வெளிநாட்டில் ஒரு கசினோ. கோட்டுப் போட்ட ஒருவன், சிவப்புச் சட்டை போட்ட ஒருத்தி. இருந்ததெல்லாம் தோற்ற பிறகு, அவள் விரலில் தானே போட்டுவிட்ட மோதிரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு அவன் கடைசி ஆட்டத்துக்கு உள்ளே போகிறான். வென்றால் திரும்பி வருவானாம், தோற்றால் அவள் தன் பாட்டில் போய்விட வேண்டுமாம். அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறாள்.

உன்னுடைய படம், மச்சாள்.

நீ மாமியின் மூத்த மகள். உன்னைத்தான் முதலில் எனக்குப் பேசினார்கள். "இவன்ர மூக்கைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் சோறும் இறங்காது. தங்கச்சிக்கெண்டால் கண்பார்வை குறைவு, அவளுக்குக் கட்டி வையுங்கோ" என்று சபையிலேயே சொன்னவள் நீ. வதனிக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கட்டிக்கொண்டாள். எங்கள் கலியாணத்தை ஒப்பேற்றியது நீயா, என் மூக்கா என்று இன்னும் ஊரில் கதை இருக்கிறது.

படக்கதை சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை. சண்டையில் பாதை பூட்டுவதற்கு முன்னர், பல்லுப் பிடுங்க வவுனியாவுக்குப் போனாய். ஒரு பல்லைக் கொடுத்துவிட்டு, சித்தி வீட்டில் பார்த்த ஒரு படத்தைக் கொண்டு வந்தாய். என்ன பாஷை என்று உனக்கே தெரியாது. அதனால் என்ன? வெற்றிலையோடு வந்தவர்களுக்கு முன்வரிசை, வெறுங்கையோடு வந்தவர்களுக்கு வேலியோரம். கசினோவை நாங்கள் யாரும் கண்டதில்லை. நீ அதை எங்கள் கடதாசி விளையாட்டாகவே ஆக்கிவிட்டாய். நாலு பேர், இரண்டு கூட்டு, முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம்.

"துரும்புச் சீட்டைக் கவிட்டு வைச்சுப்போட்டு அவளைத் திரும்பிப் பாக்கிறான்..."

"கசினோவில ஆர் மச்சாள் முந்நூற்றி நாலு விளையாடுறான்?" என்றேன் நான்.

"நீ போனனியே? இல்லைத்தானே? அப்ப மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு கேள்."

ஊரில் முடிவு சொல்லாமலே விட்ட அந்தப் படத்தை நீ கடைசியாகச் சொன்ன இடத்துக்கு நான் வரத்தான் வேண்டும். இவ்வளவு நேரமும் பகிடி விட்டதே அங்கே போகப் பயந்துதான்.

சண்டையின் கடைசி மாதங்கள். கடலுக்கும் களப்புக்கும் நடுவில் அந்த ஒடுங்கிய மணல். சீலைகளைத் தைத்து மண் நிரப்பி அடுக்கிய பங்கர். வதனியின் தொடையில் காயம். துணியைக் கிழித்துக் கட்டியதைத் தவிர வேறு மருந்து இல்லை. சனம் கூட்டம் கூட்டமாகத் தண்ணீருக்குள் இறங்கி ஆமி நின்ற அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துப் பங்கர்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. மத்தியான வெயிலில் வதனி என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போங்கோ. என்னையும் இழுத்துக்கொண்டு போனால் ஒருத்தரும் மிஞ்ச மாட்டம்."

நான் குனிந்து மகளின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"டேய் மச்சான், இரு," என்றாய் நீ. "அந்தக் கசினோப் படம் இன்னும் முடியேல்லை. படம் முடிய முதல் எழும்பக் கூடாது. எழும்பிப் போறவனைத் திரும்ப உள்ளுக்கு விடமாட்டாங்கள்."

"இதென்ன தியேட்டரே?"

"பின்னை? இருட்டாக் கிடக்கு, காது அடைக்கிற சத்தம், மூத்திர மணம். வேறை என்ன வேணும் தியேட்டருக்கு?"

வதனி சிரித்தாள். அந்த மணலில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு நீ படத்தை இழுத்த இழுப்பு! கூட்டுக்காரன் காட்டிக் கொடுத்தான், கதவடியில் மழை பெய்தது, அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஷெல் விழும்போது நிறுத்துவாய், மண் கொட்டி முடிந்ததும் தட்டிவிட்டுத் தொடருவாய். கடைசிச் சீட்டை மட்டும் மலர்த்த மாட்டாய். "அவள் நிண்டாளா, போனாளா? அதையெண்டாலும் சொல்லிப்போடன்" என்று நான் கெஞ்சுவேன். "நாளைக்கு" என்பாய். வதனி ஒருநாளும் கேட்டதில்லை. வேதனையில் அவளுக்குக் கதை ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலையில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அலுமினியச் சட்டியோடு எழும்பினாய். நான் போகிறேன் என்றதற்கு விடவில்லை. வாசலில் குனிந்து, "இடைவேளை. ஆரும் எழும்பப்படாது" என்றாய்.

கஞ்சி வரிசையில்தான் ஷெல் விழுந்தது. சட்டியை யாரோ கொண்டு வந்து தந்தார்கள். உன்னைக் கொண்டு வர ஏலாது என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

படம் முடியவில்லை, எழும்பவும் கூடாது. ஆனால் இருக்கவும் வழியில்லை. ஆகவே தியேட்டரையே முதுகில் ஏற்றிக்கொண்டேன். வதனி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்க, மகள் என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வர, களப்புத் தண்ணீருக்குள் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில், அவள் நின்றாளா போனாளா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அதை யோசித்ததால்தான் சுற்றிவர மிதந்தவற்றைப் பார்க்காமல் நடந்தேன்.

முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகு அந்தப் படத்தைத் தேடாத இடமில்லை. "தம்பி, சிவப்புச் சட்டை போட்ட பொம்பிளை, கசினோ..." என்று தொடங்கினாலே சீடிக் கடைப் பெடியன் பல்லைக் காட்டிக்கொண்டு உள்ளறைப் பெட்டியை எடுக்கப் போவான். என் மானம் கிளிநொச்சிக் கடைவீதியில் அப்படித்தான் போனது.

இனி விளங்கும், பஸ்ஸில் நான் ஏன் எழும்பவில்லை என்று. தர்மபுரம் போனது, விசுவமடு போனது, புதுக்குடியிருப்பும் போனது. அவன் இன்னும் சீட்டைத் திருப்பவில்லை. யன்னலுக்கு வெளியே அந்த மணல் வந்தது. பற்றையும், சில புது வீடுகளும், காயப்போட்ட வலையும். உன் இடம் எதுவென்று எனக்கே பிடிபடவில்லை. நான் ரீவியைப் பார்த்தேன். அவன் தோற்றுப்போய் வெறுங்கையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

அவள் நின்றாள், மச்சாள். அங்கேயே நின்றாள்.

"அண்ணை, தர்மபுரம் எப்பவோ போட்டுது!" என்று கொண்டக்டர் கத்தினான்.

"படம் முடியேல்லைத் தம்பி," என்றேன்.

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த ஒரு சட்டந்தான். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்தால் வதனியின் பெயர் கூப்பிடும் வரைக்கும் அசைய மாட்டேன். கலியாண வீட்டில் கதிரை அடுக்குகிறவர்கள் என்னையும் சேர்த்து அடுக்கப் பார்ப்பார்கள். எழும்ப மாட்டேன்.

திரும்பும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போன வேகத்தில் வதனிக்கு அதை நடித்தே காட்டினேன். குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெறுங்கையோடு வந்து, "நிண்டவள்! கடைசி மட்டும் நிண்டவள்!" என்றேன்.

அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது வேறை படமாக்கும். அக்கா சொன்னதில அவள் விட்டிட்டுப் போட்டாள். எனக்குப் பங்கருக்குள்ளை முதல் நாளே முடிவைக் காதுக்குள்ளை சொன்னவா. உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டாமெண்டவா."