ரைட்டர் வைத்த கதவு

ஏற்காடு,
13-11-1988

அன்புள்ள புஷ்பத்துக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் அமலியும் சுகம். நீயும் உன் ஆஸ்பத்திரி நோயாளிகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறோம்.

முதலில் மானம் போன செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளி லீவில், பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தின் தையல் அறை ஜன்னலில், எஸ்டேட் கணக்கெழுதும் உன் புருஷன் மாட்டிக்கொண்டான். கம்பியில்லாத பழைய காலத்து ஜன்னல். உள்ளே போகும்போது வழிவிட்டது, வெளியே வரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டது. வாட்ச்மேன் ஐயாக்கண்ணு தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, குரங்கு என்று கல்லை எடுத்திருக்கிறார். கிட்டே வந்ததும், "ஏனுங்க ரைட்டரே, சாவி கேட்டா குடுக்க மாட்டனுங்களா?" என்று கேட்டார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்து, பலாப்பழம் இறக்குகிற மாதிரி இழுத்துப் போட்டார். சட்டைப் பொத்தான்கள் பள்ளிக்கூடத்துக்கே சொந்தமாகிவிட்டன. நான் நொண்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. மஸ்கட்டுக்கு வேறு யாராவது எழுதிப் போடுவதற்குள் நானே முந்திக்கொள்கிறேன்.

ஏன் ஏறினேன் என்று சொல்ல வேண்டுமானால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதைச் சிரிக்காமல் படி. ஜூன் மாதம் உன்னைச் சேலம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய நாளிலிருந்து அமலி பேசுவதில்லை. என்னிடம் மட்டுமல்ல, யாரிடமும். தலையாட்டுவாள், கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள், அவ்வளவுதான். "அம்மா ஒட்டகத்து மேல ஏறித்தான் டியூட்டிக்குப் போவாங்களா?" என்று அவள் கேட்டதாக எழுதினேனே, நீ கூட அதை வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்ததாக பதில் போட்டாயே, அது என் சொந்தச் சரக்கு. காப்பிப் பூவைப் பற்றிச் சொன்னது, ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரிப் பேசிக் காட்டியது, எல்லாம் நானே. பதினோரு வயதுப் பெண் மாதிரி இவ்வளவு நன்றாக எனக்குப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. அங்கே தனியாக இருப்பவளை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்றுதான் மறைத்தேன். கோபம் இருந்தால் அடுத்த கடிதத்தில் இரண்டு பக்கத்துக்குத் திட்டு. அதை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்ட மாட்டேன். மற்றபடி உன் கடிதம் ஒவ்வொன்றையும் சத்தம் போட்டுப் படிக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்பாள். முடிந்ததும் எழுந்து போய்விடுவாள்.

சேலத்தில் டாக்டரிடம் காட்டினேன். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். கிறிஸ்துமஸ் லீவுக்குள் வாய் திறக்காவிட்டால் வேறு ஏற்பாடு பாருங்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். வேறு ஏற்பாடு என்றால் பேச முடியாத பிள்ளைகள் படிக்கிற பள்ளி. பேச முடிந்த பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடுவதா? எனக்கு வந்த கோபத்தில் வணக்கம் கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து ஹில்டா மிஸ் வந்தார். பிள்ளைகளின் மனசைப் பற்றிப் படித்தவராம். சனிக்கிழமை தோறும் தையல் அறையில் ஒரு வகுப்பு. அழுகிற பிள்ளை, அடிக்கிற பிள்ளை, பேசாத பிள்ளை எல்லாம் அங்கே. பெயின்ட், களிமண், கலர் காகிதம், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். மார்க் கிடையாது. அங்கே வருகிற பெற்றோருக்குத்தான் சட்டதிட்டம். "என்ன படம் இது?" என்று கேட்கக் கூடாது. "அழகா இருக்கு" என்றும் சொல்லக் கூடாது. திருத்தவே கூடாது. பிறகு எதற்கு அப்பன் என்று ஒருவன்? எங்கள் எஸ்டேட் மாதேஸ்வரன் மகன், கண்ணில் பட்டவனையெல்லாம் கடிப்பானே, அவன் மூன்று வாரமாகக் களிமண்ணைப் போட்டுக் குத்துகிறான். "மண்ணு குத்தறதுக்கு எங்கூட்டுக்கு அனுப்புங்க, செவுரு வெக்கோணும்" என்று அவன் அம்மா சண்டைக்கே வந்துவிட்டாள். ஆனால் இப்போது அவன் யாரையும் கடிப்பதில்லை. அதை யாரும் பேசமாட்டார்கள்.

அமலி ஒரே படத்தை வாரா வாரம் எடுத்து வைத்து வரைந்தாள். ஒரு சனிக்கிழமை அவளாகவே என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். ஒரு வீடு. நிறைய ஜன்னல். ஒரு ஜன்னலில் தேனீப் பெட்டி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மரம் இல்லை, செடி இல்லை, மலை இல்லை. சுற்றிலும் ஒரே மஞ்சள். அந்த வீட்டுக்குக் கதவே இல்லை, புஷ்பம்.

வாயைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே வந்து ஹில்டா மிஸ்ஸிடம் கேட்டேன். "அது அமலிக்குத்தான் தெரியும் சார், நான் படம் பார்த்துக் குறி சொல்றதில்ல" என்றார். இவ்வளவு படித்துவிட்டு இதைச் சொல்லவா பெங்களூரிலிருந்து மலை ஏறி வரவேண்டும்? அதனால் குறி சொல்கிறவர்களிடம் போனேன். ஊரில் அதற்குப் பஞ்சமா? பக்கத்து வீட்டுக் காளியாயி கேட்ட மாத்திரத்தில், "மஞ்சளா வரைஞ்சாளா? அப்ப மஞ்சக்காமாலைதானுங்க" என்று கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு வந்து நின்றாள். அமலி ஒரு மடக்கு குடித்துவிட்டு மீதியை என் பக்கம் தள்ளினாள். பிள்ளைக்குத் தைரியம் சொல்ல நானே குடித்தேன். இன்னும் நாக்கு கசக்கிறது. கடைக்கார சையத் இப்ராஹிம், "அண்ணே, பச்சைக் கலர் தீர்ந்துபோயிருக்கும், அவ்வளவுதாங்க" என்று சொல்லி, ஒரு பெரிய கலர் பெட்டியை என் தலையில் கட்டிவிட்டார்.

எனக்கு மட்டும் வேறு மாதிரிப் பட்டது. கதவில்லாத வீட்டில் அப்பன் என்னை அடைத்து வைத்திருக்கிறான் என்று பிள்ளை சொல்கிறாள். அல்லது, அம்மா திரும்பி வர இந்த வீட்டில் வழியில்லை என்று சொல்கிறாள். எப்படிப் பார்த்தாலும் தப்பு என் பேரில்தான். நீ போகலாம் என்று முதலில் சொன்னவன் நான்தானே. ஒரு கதவு இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று புத்தியில் ஏறிவிட்டது. ஏறியது இறங்கவில்லை. ஜன்னல் ஏறினேன்.

பிரவுன் கலரில் நல்ல கதவாகவே வைத்தேன். கைப்பிடி, தாழ்ப்பாள், வாசலில் மிதியடி கூடப் போட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். எஸ்டேட்டில் ஆள் பேர் பதிகிற செக்ரோலில் எதைத் திருத்தினாலும் பக்கத்தில் ரைட்டர் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காத திருத்தம் செல்லாது. இருபது வருஷப் பழக்கம். கை தானாகப் போய்க் கதவுக்குப் பக்கத்தில் "தே.சி." என்று என் பேரைச் சுருக்கி, கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டது. திருடப் போன வீட்டில் பேரையும் விலாசத்தையும் எழுதி வைத்துவிட்டு வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நேற்று வகுப்பு. நான் வராந்தாவில் மற்ற பெற்றோரோடு ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அமலி படத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முகம் குங்குமமாய்ச் சிவந்திருந்தது. நேரே என் முன்னால் வந்து நின்று, "யாருங்கப்பா உங்களக் கதவு வெக்கச் சொன்னது?" என்றாள்.

வராந்தாவில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. "இதென்ன செக்ரோலா? எம்படத்துல எதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டீங்க?" என்று கத்தினாள். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. உன் குரல்தான், அதே அதிகாரம். வேடிக்கை பார்க்க வந்திருந்த காளியாயி, "புள்ள பேசுதுங்கோ!" என்று கூவினாள். நான் பாக்கியசாலி மாதிரித் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹில்டா மிஸ் கையைக் குலுக்குவார் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மாள், "சார், முதல்ல அமலிகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றார். நாற்பத்தேழு வயதில், மாதேஸ்வரன் மகன் வேடிக்கை பார்க்க, கேட்டேன். என் கதவுதானே அவளைப் பேச வைத்தது என்று பிறகு மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அந்தப் படம் தன்னோடதுன்னு அவளுக்கு ஆகிறதுக்கு எத்தனை வாரம் ஆச்சு தெரியுமா? தன்னோடதா ஒண்ணு இருந்தாத்தானே சார் சண்டை போட முடியும்" என்றார். அதற்குப் பதில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்ததும் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அதிகம் பேசவில்லை. ரசத்தில் உப்பு இல்லை என்றாள். இன்று பூசைக்குப் போகும்போது பின்னலைச் சரியாகப் போடத் தெரியவில்லை என்றாள். குறையாகவே வருகிறது. வரட்டும். இந்த முறை ஒரு வார்த்தை கூட நான் சேர்க்கவில்லை, சத்தியம்.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுப்பு ஆரம்பித்துவிட்டது. மழை விட்டபாடில்லை, களத்தில் கொட்டுவதும் மூடுவதுமாக ஆட்கள் என்னைத் திட்டுகிறார்கள், நான் வானத்தைத் திட்டுகிறேன். உனக்கு லீவு எப்போது என்று நான் கேட்கவில்லை. ஒப்பந்தம் முடியாமல் வர முடியாது என்பது எனக்குத் தெரியும். கேட்கவில்லை என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நைட் டியூட்டிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ. நீ எங்கே நின்றாலும் மாதா உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரட்டும்.

உன்,
தேவசிகாமணி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அமலி வந்து, இதையும் எழுதச் சொன்னாள். நான் எதுவும் கேட்கவில்லை. அது நம் வீடே இல்லையாம். நீ இருக்கிற குவார்ட்டர்ஸாம். மஞ்சள், மணலாம். பெட்டி, நீ எழுதியிருந்த ஏ.சி.யாம். கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீ எந்தக் கடிதத்திலும் எழுதவில்லையாம்.