அடிப்பிடித்த தேக்சா

கோட்டிங்கன், ஜெர்மனி
11.2.2007

அன்பு அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் என் சளியும் நலம். உங்களுக்கும் அண்ணிக்கும் துஆ.

"இத்தனை வருஷமா அங்க இன்னாதான் பண்றா?" என்று அண்ணி கேட்டாராமே. சொல்கிறேன். உடம்பிலுள்ள புரதம் மடிந்து ஓர் உருவம் எடுத்தால்தான் வேலை செய்யும் என்று படித்தோம். நான் பார்ப்பது நிலையான உருவமே இல்லாத வகை. சும்மா நெளிந்துகொண்டிருக்கும், இன்னொன்றோடு சேரும்போதுதான் அதற்கேற்ற வடிவம் எடுக்கும். கொதிநீரில் வைத்தால் மற்றவை முட்டை போல இறுகிவிடும், இது கரைந்தபடியே நிற்கும். இவ்வளவு நல்லது ஒரு நாள் கெட்டுப்போய், ஒன்றோடொன்று ஒட்டி மூளையில் திரளும். கை நடுங்கும் பார்க்கின்சன் நோயில் அதுதான் நடக்கிறது. ஏன் திரள்கிறது என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. எனக்கும்தான்.

அடிக்கடி எழுதுங்கள். போனில் "சாப்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள்.

உங்கள் தங்கை
கைனாத்

மேற்கு தாம்பரம்
2.3.2007

செல்லத் தங்கச்சிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டி, வேலை வந்தால் மட்டும் உருவம் எடுக்கிறவன் நம் வீட்டிலும் ஒருத்தன் உண்டு, என்னோடு சமையலுக்கு வரும் மச்சினன் அசார் என்றேன். தம்பியைச் சொன்னதும் உன் அண்ணிக்கு மூக்குமேல் கோபம். அப்போது சிரித்தேன். இப்போது முடியவில்லை.

போன ஞாயிறு முடிச்சூரில் தட்சிணாமூர்த்தி சார் மகள் வரவேற்பு, சமையல் நம்முடையது. பெரிய தேக்சா நிறையப் பிரியாணி ஏற்றித் தம் போட்டிருந்தேன். அசார் வந்து, "மச்சான், அடி புடிக்குது" என்றான். எனக்கே பாடம் எடுக்கிறானா என்று அதட்டினேன். மூடியைத் திறந்து, ஆவியில் முகத்தை வைத்து, "பிரமாதம்" என்றேன். பின்னாலிருந்து தட்சிணாமூர்த்தி சார் கேட்டார்: "இன்னா பாய், தெரு முனை வரிக்கும் தீய்ஞ்ச நாத்தம். உனுக்கு தெர்லயா?"

மானம் போய்விட்டது. அசார்தான் தணலை அதிகம் வைத்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லி, அங்கேயே வேலையைவிட்டு அனுப்பிவிட்டேன். கரண்டியை வைத்துவிட்டுப் போனான்.

கண் பட்டுவிட்டது என்கிறாள் உன் அண்ணி. வெங்காயம் நறுக்க வலது கையும் சோம்பல் படுகிறது. ஓதிப் பார்க்கப் போகிறேன்.

அண்ணன்
ஷாகுல்

கோட்டிங்கன்
14.3.2007

அண்ணா,

உங்கள் கடிதம் வந்த அன்று என்னால் லேபுக்குப் போக முடியவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அசார் அண்ணன்மேல் தப்பில்லை. உங்களுக்கு வாசனை தெரியவில்லை. அதற்குச் சளி, வயசு என்று எத்தனையோ காரணம் உண்டு. அப்படியே இருக்கட்டும் என்று தொழுகையில் கேட்கிறேன். ஆனால் நான் சொன்ன நோயில், கை நடுங்குவதற்கு வருஷக்கணக்கில் முன்பே வாசனை போய்விடுவதுண்டு. பிறகு ஒரு பக்கத்துக் கை மெதுவாகும். நடக்கும்போது வலது கை வீசுகிறதா என்று அண்ணியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓதிப் பாருங்கள், நரம்பு டாக்டரையும் பாருங்கள்.

அசார் அண்ணனைப் பழியிலிருந்து விடுவிக்க உங்களை நோயில் மாட்டிவிடுகிறேனே. அத்தா இல்லாத வீட்டில் நீங்கள் அடுப்பில் வெந்து என்னைப் படிக்க வைத்தீர்கள். உங்களுக்கே இதைச் சொல்லத்தானா இந்தப் படிப்பு? ஒரு வார்த்தை சொல்லுங்கள், எல்லாவற்றையும் விட்டு வந்துவிடுகிறேன்.

கைனாத்

மேற்கு தாம்பரம்
20.4.2007

என் கண்ணே கைனாத்,

வலது கை வீசவில்லை. உன் அண்ணி தெருவில் என் பின்னாலேயே வந்து பார்த்தாள். டாக்டரும் நடக்கவைத்துப் பார்த்தார். நீ சொன்ன நோய்தானாம். ஆரம்பம்தான், மாத்திரை போட்டால் கை கொஞ்சம் சொன்னபடி கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

தட்சிணாமூர்த்தி சாரிடம் போய், கோளாறு என் மூக்கில் என்று சொன்னேன். பிறகு அசார் வீடு. அவன் அக்கா முன்பே சொல்லியிருப்பாள் போல. கதவைத் திறந்ததும், "இன்னா மச்சான், மூக்கு வாடகைக்கு வோணுமா?" என்றான். கட்டிக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். இப்போது தம் பார்ப்பது அவன்தான், உப்பு மட்டும் நான்.

நீ விட்டுவிட்டு வராதே. பெருநாளைக்கு வந்து ஆசை தீரச் சாப்பிட்டுவிட்டுப் போ. படிப்பு எதற்கு என்று கேட்டாய். என் மச்சினன் திரும்பி வந்திருக்கிறான், போதாதா?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். எனக்காக அவசரப்பட்டு, உன் ஆராய்ச்சியில் தெரியாததைத் தெரிந்ததாக எழுதிவிடாதே. மருந்து என் காலத்துக்குள் வராவிட்டால் போகட்டும். நிதானமாகப் பார். நீ எழுதுவதை நம்பி இன்னொருத்தியின் அண்ணன் மாத்திரை விழுங்குவான்.

உன் அண்ணன்
ஷாகுல்