பெரியப்பா வந்தபோது

அம்மா,

இன்று வேதியியல் ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்கைத் திறந்ததும் உன் கழுத்தின் வாசனை வந்தது. டயாலிசிஸுக்காகப் போட்டிருந்த குழாயைச் சுற்றி நர்ஸ் அக்கா துடைத்துவிடுவார்களே, அந்த வாசனை. வெளியே வந்து நின்றுவிட்டேன். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

தில்லை நகர் டயாலிசிஸ் சென்டரில் அந்த அக்கா நம் இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள். "குழாயோட மூடி கழண்டா காத்து நேரா இதயத்துக்குப் போயிடும் பாப்பா. உடனே கிளிப்பைப் போடு. இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலையைத் தாழ்த்தி வை. அப்பத்தான் காத்து நுரையீரலுக்குப் போகாம ஒதுங்கி நிக்கும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உக்கார விடாதே."

ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ்ஸில் அதை உன்னிடம் ஒப்பித்துக்கொண்டே வந்தேன். நீ சிரித்தாய்.

"சரிங்க டாக்டரம்மா. அந்த ரங்கநாதரே வந்து நின்னாலும் எந்திரிக்க மாட்டேன், போதுமா?"

"அவரே படுத்துக்கிட்டுத்தான்மா இருக்காரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ உடை மாற்றும்போது மூடி கழன்றது. கிளிப்பும் திறந்திருந்தது. புஸ்ஸென்று ஒரு சத்தம். இருமினாய், நெஞ்சைப் பிடித்தாய், உதடு நீலமாயிற்று. கிளிப்பைப் போட்டேன். தலையணையை உருவிக் கால்மாட்டில் வைத்து, உன்னை இடப்பக்கம் கிடத்தினேன். அப்பா ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டே தெருவுக்கு ஓடினார். கொஞ்சம் கொஞ்சமாக உன் மூச்சு தணிந்தது. என் கையை அழுத்தினாய்.

அப்போதுதான் லால்குடியிலிருந்து அரிசிப் பையோடு பெரியப்பா உள்ளே வந்தார். அப்பாவின் அண்ணன். அவர் எதிரில் நீ உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார்.

நீ என் கையை விட்டாய். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழப் பார்த்தாய்.

"அம்மா, படு! எந்திரிக்காதே!" உன் தோளை அழுத்தினேன். தட்டிவிட்டாய்.

"சும்மா இருடி. பெரியப்பா நிக்கிறாங்க."

எழுந்து உட்கார்ந்தாய். "வாங்க" என்பதோடு உன் குரல் நின்றுபோயிற்று. என்மேல் சரிந்தாய்.

அவசரப் பிரிவில் ஆக்சிஜன் வைத்தார்கள், என்னென்னவோ செய்தார்கள். நீ கண் திறக்கவேயில்லை. பிறகு டாக்டர் என்னிடம் வந்து, "படுக்க வச்சது நீதானா? சரியாத்தாம்மா செஞ்சிருக்கே," என்றார். அதுதான் எனக்கு ஆறவில்லை. நீ என்னை நம்புகிறாய் என்று நினைத்திருந்தேன். உயிர் போகிற நேரத்தில் என் பேச்சு உனக்குச் சின்னப் பெண்ணின் பேச்சாகிவிட்டது.

பெரியப்பா இப்போதும் வருகிறார். அப்பா எழுந்து நிற்கிறார். நான் எழுவதில்லை. அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை, அம்மா. எழுந்துவிட்டால் உன்னை மன்னித்ததாக ஆகிவிடும்.