எதிர்க்கடை பார்க்கும் முகம்

குன்னூர்

அன்புள்ள காளியம்மாளுக்கு,

நான் சுகம். உன் மூட்டுவலி குறைந்ததா?

தேயிலை விலை விழுந்த நேரம் பார்த்து, என் தேயிலைத் தூளைக் குப்பையென்று சாக்கடையில் கொட்டினானே எதிர்க்கடை ஆறுக்குட்டி, அவனுக்குப் பதில் கொடுத்துவிட்டேன். சிரித்தபடி கொழுந்து பறிக்கும் பெண்ணைத்தான் கடைப் பலகையில் வரையச் சொன்னேன். ஊட்டி காந்தலிலிருந்து வந்த ஓவியர் விமல், கறுப்பும் சிவப்புமாக ஒரு கோணல் முகத்தைத் தீட்டிவைத்தார்.

"ஏனுங்க, இது யாரு?" என்றேன்.

"உங்க மூஞ்சிதாங்க. எதிர்க்கடைக்காரரு தூளைக் கொட்டினப்போ நானும் பார்த்தேனுங்க, இப்படித்தான் நின்னீங்க."

அப்படியே மாட்டிவிட்டேன். ஆறுக்குட்டி இப்போது தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வியாபாரம் செய்கிறான். காலில் விழுந்தாலும் கழற்ற மாட்டேன்.

மாப்பிள்ளை வரும்போது நம் கல்யாணப் போட்டோவைக் கொடுத்தனுப்பு. எனக்கு வேறு முகம் இருப்பது இங்கே யாருக்கும் தெரியாது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்,
பொன்னுசாமி